ஐந்தாம் பக்கத்து முகம்

ஜெசிந்தா சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து முதல் கவளத்தை வாயில் வைத்தபோதுதான் அந்த முகம் அவளைப் பார்த்தது.

எதிர் மேசையில் யாரோ போட்டுவிட்டுப் போன அன்றைய பத்திரிகை. மை இன்னும் சரியாகக் காயவில்லை. ஐந்தாம் பக்கம் மேலே விரிந்து கிடந்தது. அதில் இரண்டு பத்தி அகலத்துக்கு ஒரு படம். வாசற்படியில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண், முந்திரிக்கொட்டை எண்ணெய் பட்டுக் கருத்துப்போன உள்ளங்கைகளை விரித்துக் காட்டுகிறாள். கைகளுக்கு மேலே அவள் முகம். அந்த முகம் யாருக்கும் தெரியக்கூடாது. அதற்காகத்தான் காலையில் ஜெசிந்தா அதை மங்கலாக்கி அனுப்பியிருந்தாள். இப்போது நான்கடி தள்ளி, மீன்குழம்பு ஒட்டிய கையுமாக உட்கார்ந்திருந்தவளுக்கு, அந்தப் பெண்ணின் மூக்கும், ஒட்டிய கன்னமும், இடது புருவம் கொஞ்சம் மேலே ஏறியிருப்பதும் தெரிந்தன.

எச்சில் கையோடு எழுந்து போய்ப் பத்திரிகையை எடுத்தாள். கிட்டத்தில் பார்த்தால் ஒன்றுமில்லை. வெறும் மைப்புள்ளிகள். அப்பாடா என்று திரும்ப மேசையில் போட்டுவிட்டு நாலடி பின்னால் வந்தாள். முகம் திரும்பவும் வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை.

கொல்லத்தில் அது ஒரு சின்ன மாலைப் பத்திரிகை. பன்னிரண்டரைக்குப் பக்கங்கள் அச்சுக்குப் போகும், ஒன்றேகாலுக்குக் கட்டுக்கட்டாக வெளியே வரும், ஒன்றரையிலிருந்து ஒவ்வொரு கட்டாகத் தனியார் பேருந்துகளின் ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் ஏறிப் போகும். பதினோரு வருடமாக ஜெசிந்தா அங்கே படப் பிரிவில் இருக்கிறாள். பிரிவு என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு கணினி, ஒரு மின்விசிறி, ஜெசிந்தா. பாதி வேலை முகங்களை மறைப்பதுதான். சிறு பிள்ளைகள், ஆற்றில் கிடைத்த உடல்கள், காவல்துறை பிடித்துவைத்திருக்கும் ஆட்கள், பெயர் சொல்ல விரும்பாதவர்கள். இத்தனை வருடத்தில் எத்தனை முகங்களை அழித்திருப்பாள் என்று அவளுக்கே கணக்குத் தெரியாது. அதற்கு அவளுக்கு ஒரு அளவும் இருந்தது. இருபது. முகத்தைச் சுற்றி வட்டம் போடு, மங்கல் அளவு இருபது, பெரிதாக்கி ஒருமுறை பார், அனுப்பு. இருபது என்றைக்கும் அவளைக் கைவிட்டதில்லை.

படக்காரன் ஷிகாப் எப்போதும் படங்களை வாட்ஸப்பில் அனுப்புவான். அதில் வரும்போதே படம் சுருங்கி, உள்ளங்கை அளவுக்கு ஆகியிருக்கும். அதற்கு இருபது தாராளம். இந்தப் படத்தை மட்டும் அவன் கேமராவின் கார்டோடு கொண்டுவந்து கொடுத்தான். "நல்லா பெருசா போடப் போறாங்க அக்கா, முழு சைஸ்லயே எடுத்துக்கங்க" என்றான். முழு அளவுப் படம் என்றால் ஒரு பக்கச் சுவரை மறைக்கும். அதைத் திறந்து, வட்டம் போட்டு, கை பழக்கத்துக்கு இருபதைத் தட்டினாள். பெரிதாக்கிப் பார்த்தாள். திரை முழுக்க ஒற்றைக் கண்தான் தெரிந்தது, அதுவும் கரைந்துபோய். போதும் என்று அனுப்பினாள். பக்கம் கட்டும் அனிருத்தன் கடைசி நேரத்தில் ஒரு விளம்பரம் வந்ததால் அதை இரண்டு பத்திக்குச் சுருக்கிவிட்டான். படத்தைச் சுருக்கினால் அதன்மேல் போட்ட மங்கலும் சேர்ந்து சுருங்கும். இதை நேற்று வேலைக்குச் சேர்ந்தவள்கூடச் சொல்லுவாள். பதினோரு வருடம் ஆன ஜெசிந்தாவுக்குத்தான் அது மறந்துபோனது.

கையைக் கழுவாமலே ஆசிரியர் அறைக்குப் போனாள். தாமோதரன் சார் நாற்காலியில் சாய்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார்.

"சார், அஞ்சாம் பக்கம் பாத்தீங்களா? அந்தம்மா முகம் தெரியுது."

அவர் பத்திரிகையை எடுத்து மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "எங்க தெரியுது?"

"கொஞ்சம் தள்ளி வெச்சுப் பாருங்க சார்."

"நான் எதுக்குத் தள்ளி வெச்சுப் பாக்கணும்? பேப்பரைக் காசு குடுத்து வாங்குறவன் சுவத்துல மாட்டி வெச்சா படிக்கிறான்?" ஆனாலும் கையை நீட்டிப் பார்த்தார். ஒரு நொடி அவர் முகம் மாறியதாக ஜெசிந்தாவுக்குத் தோன்றியது. உடனே மடித்து வைத்துவிட்டார். "இங்க பாரு, நீ ஒரிஜினலைப் பாத்தவ. அரை மணி நேரம் அந்த மூஞ்சியோட குடித்தனம் நடத்தியிருக்க. உனக்கு இனிமே அதுமேல கரியைப் பூசிக் காட்டினாலும் அந்த மூஞ்சிதான் தெரியும்."

"சார், உங்களுக்கும்..."

"நானும் ஒரிஜினலைப் பாத்தவன்தானே? போன மாசம் நீ மறைச்ச ஆளு வேகவெச்ச மரச்சீனிக் கிழங்கு மாதிரி இருந்தான்னு எத்தனை பேரு கேலி பண்ணாங்க தெரியுமா. இன்னைக்குத்தான் அளவா வந்திருக்கு. போ, போய்ச் சோறு தின்னு."

மரச்சீனி என்று அவர் சொன்னதிலிருந்து இருபதுக்கு மேல் போகவே அவள் துணிந்ததில்லை என்பதும் அவளுக்கு நினைவு வந்தது. யாரைக் குற்றம் சொல்வது.

அனிருத்தனிடம் போய்க் காட்டினாள். அவன் தள்ளி வைத்தும் பார்த்தான், கிட்டே வைத்தும் பார்த்தான். "ஒரு பொம்பளைன்னு தெரியுது. அதுக்கு மேல எனக்கென்ன தெரியும், நான் அவங்களைப் பாத்திருந்தால்ல" என்றான்.

அதுதான் சிக்கல். அந்த முகத்தைத் தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரிஜினலையும் பார்த்துவிட்டார்கள். அவர்கள் கண்ணை நம்ப முடியாது. ஒரிஜினலைப் பார்க்காதவர்களுக்கு அந்த முகமே தெரியாது. அவர்களைக் கேட்டும் பயனில்லை. ஒருவேளை சார் சொல்வதுதான் சரியோ, எல்லாம் தன் மனப்பிராந்தியோ என்று நினைத்தாள். நினைத்த கையோடு மறுபடியும் நாலடி தள்ளி நின்று பார்த்தாள். இடது புருவம் ஏறியே இருந்தது.

இணையத்தில் போகும் பக்கம் மூன்று மணிக்குத்தான் ஏறும். அதற்குள் உட்கார்ந்து, புதிதாக வட்டம் போட்டு, இருநூறு என்று தட்டி, முகத்தையே மாவாக்கி அனிருத்தனிடம் கொடுத்துப் பக்கத்தை மாற்ற வைத்தாள். இணையம் அடங்கியது. ஆனால் அச்சானது அச்சானதுதான். அதை ஒன்றும் செய்ய முடியாது.

ஷிகாபுக்குப் போன் போட்டாள். அவன் திருவனந்தபுரத்தில் ஏதோ பந்தாட்ட மைதானத்தில் இருந்தான். பின்னால் விசில் சத்தம்.

"அக்கா, அவங்க பேரு விலாசினி. ஆலுமுக்கு முந்திரிக் கம்பெனி. போன் கிடையாது. என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகல. அவங்க என்ன சொன்னாங்க, திரும்பச் சொல்லு."

"அதான் செய்தில இருக்கே. சாயங்காலம் வெளிய விடும்போது மடியில கொட்டை வெச்சிருக்காங்களான்னு பொம்பளைங்களைத் தடவிப் பாக்குற ரூம்ல மேஸ்திரியும் வந்து நிக்கிறான். இருபது வருசமா யாரும் வாயைத் தொறக்கல. இவங்கதான் சொன்னாங்க."

"அதில்ல. முகத்தைப் பத்தி."

"முகம் மட்டும் வரக்கூடாது மோனே, எனக்கு இன்னும் ஏழு மாசம் இருக்கு, ஏழு மாசம் கழிச்சு நானே வந்து முகத்தைக் காட்டுறேன்னாங்க. அதுக்கப்புறம் பென்ஷன்ல போறாங்களாம். இப்ப வெளிய அனுப்பிட்டா முப்பத்தஞ்சு வருசமும் போச்சு, அதனால பாத்துக்கோன்னாங்க. நான் சொன்னேன், எங்க ஆபீஸ்ல ஜெசிந்தா அக்கா இருக்காங்க, அவங்க மறைச்சா பெத்த தாய்க்கே தெரியாதுன்னு."

அவள் போனை வைத்தாள். தலைவலி என்று ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தாள்.

போய் என்ன செய்யப் போகிறோம் என்று அவளுக்கே தெளிவாக இல்லை. ஆலுமுக்கில் எத்தனை பத்திரிகை இறங்குமோ அத்தனையையும் வாங்கிவிட வேண்டும் என்பது மட்டும் புரிந்தது. சின்னக்கடைச் சந்திப்பு தாண்டும்வரை வேகமாகத்தான் போனாள். அதற்கப்புறம் ரயில் கேட் போட்டிருந்தார்கள். முன்னால் நின்ற தனியார் பேருந்தில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் சணல் கட்டிய பத்திரிகைக் கட்டு ஒன்று தெரிந்தது. அது ஆலுமுக்குக் கட்டாகத்தான் இருக்கும் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள். ஓட்டுநர் அதன்மேல் முழங்கையை ஊன்றிக் காது குடைந்துகொண்டிருந்தார். ஒரு சரக்கு ரயில் வந்தது. ஐம்பத்தெட்டுப் பெட்டி. எண்ணாமல் இருக்க அவளால் முடியவில்லை. கேட் திறந்ததும் பேருந்து அவளுக்கு முன்னால் புகையைக் கக்கிக்கொண்டு ஓடியது. அவள் பின்னாலேயே போனாள், முந்த வழியில்லாமல்.

ஆலுமுக்கில் ஒரு ஆலமரம், ஒரு தேநீர்க் கடை, ஒரு மருந்துக் கடை, எதிரே கம்பெனியின் நீண்ட மதில். காற்றில் வறுபட்ட முந்திரித் தோலின் காரம் மூக்கைப் பிடித்தது. மணி மூன்றேகால். நாலரைக்குச் சங்கு ஊதும், அப்புறம்தான் பெண்கள் வெளியே வருவார்கள். தேநீர்க் கடை வாசலில் கயிற்றில் துணி காயப்போடும் கிளிப் போட்டுப் பத்திரிகைகள் தொங்கின. ஜெசிந்தா எண்ணினாள். எட்டு.

கடைக்காரர் பார்கவன் அறுபதைத் தாண்டியவர். தோளில் துண்டு, கையில் தேநீர் ஆற்றும் குவளை.

"அண்ணே, எல்லா பேப்பரையும் குடுங்க."

அவர் ஆற்றுவதை நிறுத்தினார். "எல்லாத்தையுமா? என்ன மோளே, உன் படம் வந்திருக்கா?"

"இல்லண்ணே. சொந்தத்துல ஒரு சாவு. அறிவிப்பு வந்திருக்கு. எல்லாருக்கும் குடுக்கணும்."

"அடடா" என்று அவர் உச்சுக்கொட்டிவிட்டு எட்டையும் இறக்கி மடித்துக் கொடுத்தார். "வழக்கமா ஒம்பது வரும். ஒண்ணு கம்பெனி ஆபீசுக்குப் போகணும். அதை உள்ள எடுத்து வெச்சிருக்கேன். நாலு மணிக்கு ஆபீஸ் ஆளு கமலாசனன் டீ வாங்க வரும்போது கொண்டுபோவான்."

ஜெசிந்தா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தாள். "அதையும் குடுங்கண்ணே. நான் ரெண்டு மடங்கு காசு தரேன்."

"அது மட்டும் முடியாது. மேஸ்திரி கேப்பாரு. தினமும் பேப்பர் பாக்காம டீ இறங்காது அவருக்கு." பிறகு, ஏதோ ஆறுதல் சொல்வதுபோல, "அவரு எங்க படிக்கிறாரு. யாரு செத்தாங்கன்னு ஒரு பக்கம் பாப்பாரு. அப்புறம் அதுலயே வடை எண்ணெயைப் பிழிஞ்சு கசக்கிப் போட்டுருவாரு. உங்க சாவு வந்திருந்தா கண்டிப்பா பாத்துருவாரு" என்றார்.

அந்த இடத்தில் ஜெசிந்தா எழுந்து போயிருக்கலாம். எட்டுப் பிரதி கையில். ஒன்பதாவது வடை எண்ணெய்க்கு. சாவுச் செய்தி இரண்டாம் பக்கத்தில். ஐந்தாம் பக்கத்தைத் திருப்ப அந்த மனுஷனுக்கு ஒரு காரணமும் இல்லை. இதையெல்லாம் அவள் யோசிக்காமல் இல்லை. ஆனால் பயந்த மனசுக்கு 'அனேகமா ஆகாது' என்ற வார்த்தை போதாது. 'ஆகவே ஆகாது' என்று யாராவது அடித்துச் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லக்கூடிய ஒரே ஆள் எதிரில் நின்றுகொண்டிருந்தார். பார்கவனுக்கு விலாசினியைத் தெரியும். முப்பத்தைந்து வருடமாகத் தினமும் இந்தக் கடையைத் தாண்டித்தானே அவள் போயிருப்பாள். ஒரிஜினல் படத்தையும் அவர் பார்த்ததில்லை. மத்தியானத்திலிருந்து அவள் தேடிக்கொண்டிருந்த கண்கள் இவருடையவைதான். இவருக்கே தெரியவில்லை என்றால் மேஸ்திரிக்கும் தெரியாது. நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம்.

திரும்பி உட்கார்ந்து, ஐந்தாம் பக்கத்தைப் பிரித்து, தலைப்பும் செய்தியும் உள்ளே போகும்படி மடித்து மடித்துப் படம் மட்டும் வெளியே தெரிய வைத்தாள்.

"அண்ணே, இந்தப் படத்துல இருக்குற அம்மா எங்க பெரியம்மா ஒருத்தங்க மாதிரியே இருக்காங்க. இந்தப் பக்கம்தான் எங்கயோ இருக்காங்கன்னு சொன்னாங்க. உங்களுக்கு யாருன்னு தெரியுதா?"

அவர் குவளையை வைத்துவிட்டு, கையைத் துண்டில் துடைத்து வாங்கினார். மங்கலாக இருக்கிறதே என்று கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். திருப்பினார். வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஒண்ணும் தெரியலையே மோளே. மூக்குமில்ல, கண்ணுமில்ல. மூஞ்சில பாலை ஊத்தின மாதிரி இருக்கு."

அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மரியே என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். அந்த முகத்தைப் பார்த்ததிலிருந்து முதல் தடவையாகப் பசித்தது. ஒரு டீயும் இரண்டு பருப்பு வடையும் கேட்டாள். வடை சூடாக இருந்தது. தாமோதரன் சார் சொன்னது சரிதான், நாம்தான் அந்த முகத்தோடு குடித்தனம் நடத்திவிட்டோம் என்று நினைத்துத் தன்னையே கேலி செய்துகொண்டாள். வடையைத் தின்றுமுடித்து, கொடுத்த காசுக்குப் பார்கவன் சில்லறை பொறுக்கியபோது, நாணயத்தை முகத்துக்கு நேரே கையை முழுக்க நீட்டிப் பிடித்துப் பார்ப்பதைக் கவனித்தாள்.

"என்னண்ணே, கண்ணு தெரியாதா?"

"கிட்டத்துல வெச்சா எனக்கு எதுவுமே தெரியாது. தூரத்துல போற பஸ்ஸோட போர்டைக் கேளு, சொல்றேன். கண்ணாடி வாங்கணும்னு நாலு வருசமா நினைக்கிறேன்."

இவர் கிட்டத்தில் பார்த்துச் சொன்னதற்கு ஒரு மதிப்பும் இல்லை. கிட்டத்தில் பார்த்தால் அவளுக்குமே தெரியாதே. மணி நாலாகப் போகிறது. கமலாசனன் என்கிற அந்த ஆள் வந்து ஒன்பதாவது பிரதியைத் தூக்கிக்கொண்டு போவதற்குள் தெரிந்தாக வேண்டும். எதற்குத் தெரிய வேண்டும், தெரிந்து என்ன செய்யப் போகிறோம் என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இருந்திருக்காது.

அவள் பத்திரிகையை எடுத்துக்கொண்டு கடையின் மறு கோடிக்கு, ஆலமரத்துப் பக்கமாகப் போனாள். பத்தடி இருக்கும். இரண்டு கையாலும் மார்புக்கு நேரே படத்தைப் பிடித்தாள், பள்ளிக்கூடத்தில் டீச்சர் படம் காட்டுவதுபோல.

"இப்பப் பாருங்கண்ணே. இப்பத் தெரியுதா?"

பார்கவன் கண்ணைச் சுருக்கினார். தலையை ஒரு பக்கம் சாய்த்தார். "இப்ப ஏதோ மூஞ்சி மாதிரி இருக்கு. எங்கயோ பாத்த மாதிரியும் இருக்கு. இரு, இரு."

"வேணாம், விடுங்க" என்று அவள் சொல்ல வாயெடுத்தபோது, கடைக்குப் பின்பக்க வழியாகத் தூக்குப் பாத்திரத்தோடு நுழைந்த ஒரு ஆள், பாத்திரத்தைக் கீழே வைக்காமலே சொன்னான்.

"அது நம்ம விலாசினி அக்கா இல்லையா?"

அவன்தான் கமலாசனன். ஐம்பது வயது, காக்கிச் சட்டை, காதில் ஒரு பென்சில். குரலில் ஒரு வஞ்சகமும் இல்லை. தெரிந்த முகத்தைப் பத்திரிகையில் பார்த்த சந்தோஷம் மட்டும்தான் இருந்தது.

"ஆமாடா" என்றார் பார்கவன். "அதான் பாத்தேன். அந்தப் புருவம்."

ஜெசிந்தா பத்திரிகையைப் படக்கென்று மடித்தாள். "இல்லண்ணே. அது விலாசினி இல்ல. அது ஆலப்புழையில யாரோ."

"எனக்குத் தெரியாதா? தினம் பாக்குற மூஞ்சி" என்று கமலாசனன் சிரித்தான். "என்னவாம், எதுக்குப் படம் போட்டிருக்காங்க? பரிசு கிரிசு விழுந்துருக்கா? அண்ணே, ஆபீஸ் பேப்பரை எடுங்க."

பார்கவன் உள்ளிருந்து ஒன்பதாவது பிரதியை எடுத்துக் கொடுத்தார். ஜெசிந்தா முன்னால் போய் அதன் ஓரத்தைப் பிடித்தாள். "இதை எனக்குக் குடுங்க. தயவுசெஞ்சு குடுங்க. நூறு ரூபா தரேன்."

"இது ஆபீஸ் பேப்பர் மோளே. உன் கையிலதான் எட்டு இருக்கே" என்றான் அவன். ஆச்சரியமாகத்தான் கேட்டான். அவன் ஓரத்தை மெதுவாக விடுவித்துக்கொண்டான். நின்றபடியே விரித்து, ஐந்தாம் பக்கத்தைத் தேடி எடுத்து, செய்தியை உதட்டசைத்து வாசித்தான். பாதிக்குமேல் போனதும் உதடு நின்றது. பார்கவனைப் பார்த்தான். அவர் டீயை ஊற்றினார். கமலாசனன் பத்திரிகையை நான்காக மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு, தூக்கை எடுத்துக்கொண்டு கேட்டைப் பார்த்து நடந்தான்.

"மேஸ்திரிகிட்ட சொல்லாதீங்கண்ணே" என்று ஜெசிந்தா பின்னாலேயே போனாள். "அவங்களுக்கு ஏழு மாசம்தான் இருக்கு."

அவன் நிற்காமல் நடந்தான். "நான் எதுவும் சொல்ல மாட்டேன். என்கிட்ட கேட்டா? எனக்கும் பிள்ளைங்க இருக்கு." கேட்டுக்குள் போய்விட்டான். காவலாளி அவளை மறித்துக் கையைக் காட்டினான்.

நாலரைக்குச் சங்கு ஊதியது. பெண்கள் ஒவ்வொருவராகக் கேட்டுக்குப் பக்கத்து அறைக்குள் போய்த் தடவிப் பார்க்கப்பட்டு, சேலையைச் சரிசெய்தபடி வெளியே வந்தார்கள். எல்லோர் கையும் ஒரே கறுப்பு. ஜெசிந்தா விலாசினியை ஒருமுறையும் நேரில் பார்த்ததில்லை. ஆனால் இருபதாவது ஆளாகவோ முப்பதாவது ஆளாகவோ அவள் வந்தபோது உடனே தெரிந்தது. இடது புருவம் ஏறியிருந்தது. தோளில் தோர்த்துத் துண்டு, கையில் குடை, ஒரு எவர்சில்வர் பாத்திரம்.

விலாசினிக்கு இவள் யாரென்று தெரியாது. மதிலோரம் பத்திரிகைக் கட்டோடு நிற்கும் ஒரு பெண், அவ்வளவுதான். அவளே நேராக வந்தாள்.

"மோளே, இன்னைக்குப் பேப்பர்தானே? ஒண்ணு குடு. பார்கவன் கடையில தீந்துபோச்சுன்னு முன்னாடி போன பிள்ளைங்க சொல்லுது."

ஜெசிந்தா கொடுத்தாள். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை. விலாசினி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மதிலுக்குத் திரும்பி நின்று ஐந்தாம் பக்கத்தைப் பிரித்தாள். முகத்துக்குப் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு சிரித்தாள். முன்பல் ஒன்று இல்லை. மூடிய வாயோடு எடுத்த படத்தில் அது தெரிந்திருக்கவில்லை.

"நல்லாத்தான் மறைச்சிருக்காங்க" என்று தனக்குத்தானே சொன்னாள். "எனக்கே என்னைத் தெரியல. ரெண்டு நாளா தூங்கல மோளே."

"அக்கா" என்றாள் ஜெசிந்தா. "நான்தான் அதை மறைச்சவ. பத்திரிகை ஆபீஸ்ல இருந்து வரேன். சரியா மறைக்கல. தள்ளி வெச்சுப் பாத்தா தெரியுது. டீக்கடைல ஆபீஸ் ஆளு பாத்துட்டான்."

விலாசினி பத்திரிகையைக் கீழே இறக்கினாள். "கமலாசனனா? அவன் எங்க அஞ்சாம் பக்கத்தைப் பாத்தான்? பேப்பரைப் பிரிச்சுக்கூடப் பாக்க மாட்டானே அவன்."

"நான் காட்டினேன்."

"நீ காட்டினியா?"

"பார்கவண்ணன்கிட்ட காட்டினேன். அவன் பின்னாடி வந்து பாத்துட்டான்."

"எதுக்குக் காட்டின?"

"உங்களைத் தெரியுதான்னு பாக்க."

விலாசினி அவளைப் பார்த்தாள். அதில் கோபம் இருந்திருந்தால் ஜெசிந்தாவுக்குப் பரவாயில்லாமல் இருந்திருக்கும். புரியாமல்தான் பார்த்தாள். கணக்கு எங்கே தப்பியது என்று மறுபடி கூட்டிப் பார்ப்பவளைப்போல. ஏதோ கேட்க வாயைத் திறந்தாள். அதற்குள் கேட்டிலிருந்து காவலாளியின் குரல் வந்தது.

"விலாசினி அக்கா, ஆபீசுக்கு வரச் சொல்றாங்க."

வெளியே வந்துகொண்டிருந்த பெண்கள் நின்று திரும்பினார்கள்.

"நானும் வரேன்" என்றாள் ஜெசிந்தா. "நான் வந்து சொல்றேன், அது நீங்க இல்லைன்னு."

"நீ யாருன்னு கேட்டா என்ன சொல்லுவ?"

பத்திரிகைக்காரி என்று சொன்னால் அதோடு எல்லாம் முடிந்தது. விலாசினி பத்திரிகையை அழகாக மடித்து அவளிடமே திருப்பிக் கொடுத்தாள். குடையையும் பாத்திரத்தையும் கொடுத்தாள். "இதைப் பிடி. உள்ள எடுத்துட்டுப் போனா திரும்பவும் தடவுவாங்க" என்றாள். தோர்த்தை உதறித் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டு கேட்டுக்குள் போனாள்.

உள்முற்றம் நீளமானது. வறுத்த தோலின் புகை அதன்மேல் திரைபோல நின்றது. கம்பெனி கொடுத்த ஒரே மாதிரி நீலச் சேலையில் நூறு பேர் எதிரே வந்துகொண்டிருக்க, விலாசினி அவர்களுக்கு நடுவே ஆபீஸ் படிகளை நோக்கி நடந்தாள். ஜெசிந்தா கம்பிகளுக்கு இந்தப் பக்கம் குடையும் பாத்திரமும் எட்டுப் பத்திரிகையுமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் நிறைந்து எல்லாமே கலங்கியது. துடைக்கக் கை இல்லை. அவ்வளவு கலக்கத்திலும், அவ்வளவு தூரத்திலும், அந்த நூறு நீலச் சேலைகளில் விலாசினி யாரென்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.